எண்ணெய்க்கு எத்தனை மதிப்பெண்?

ஆசிரியருக்கு,

ஆற்று நீரின் தரத்தை ஒரே எண்ணில் சொல்லும் எடையிட்ட குறியீடு, அதாவது ஒவ்வொரு அளவுக்கும் அதன் முக்கியத்துவப்படி ஒரு பங்கு (எடை) கொடுத்துக் கணக்கிடும் எண், நல்ல ஏற்பாடுதான். 1970இல் அமெரிக்காவில் உருவான குறியீட்டில் 9 அளவுகள். கரைந்த ஆக்சிஜனுக்கு 0.17 எடை, மலக்கிருமிக்கு 0.16, வெப்பநிலைக்கு 0.10 என்று பிரித்துக் கூட்டினால் 100க்கு இவ்வளவு என்று வந்துவிடும்; எண் கூடினால் நீர் நல்லது. சரி, அந்த ஒன்பதில் எண்ணெய் எங்கே? ஈயம் எங்கே?

எண்ணூர்க்காரனுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் படகு, வலை, கூழைக்கடாவின் இறக்கை வரை அப்பியது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருந்தது. அந்த ஒன்பதில் இதற்கு மதிப்பெண் இல்லை.

இன்னொரு வம்பும் உண்டு. நம் நாட்டு ஆய்வுகளில் அடிக்கடி வரும் வேறொரு முறையில், எண் கூடக்கூட நீர் மோசம். 100ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது. அதில் அனுமதி அளவு எவ்வளவு குறைவோ, எடை அவ்வளவு அதிகம். ஈயத்தைச் சேர்த்தால் அதுவே எண்ணைத் தூக்கிவிடும். விட்டுவிட்டால் சத்தமே இருக்காது. வெறுமனே '85' என்று சொன்னால் நாங்கள் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

எனவே நீரின் தரத்தை எண்ணாகச் சொல்பவர்கள், எண்ணோடு எந்த முறை என்பதையும் எடைப் பட்டியலையும் வெளியிடட்டும். மாதிரியை எந்த இடத்தில், ஏற்றத்திலா வற்றத்திலா எடுத்தார்கள் என்பதையும்தான். கடல் நீர் ஏறியிருக்கும்போது மொண்டால் கழிமுகம் சுத்தமாகத்தானே தெரியும்.

ஒரு வாசகர்,
எண்ணூர், சென்னை