துப்பாக்கிக்கென்று தனியாக ஓர் ஆள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குறைந்த செலவில் எடுக்கப்படும் சண்டைப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மரத்தாலும் ரப்பராலும் செய்த டம்மி துப்பாக்கிகளால்தான் அப்படங்கள் கேலிக்குரியவையாகத் தெரிகின்றன என்பதும், உண்மையான துப்பாக்கியில் 'காலித் தோட்டா' போட்டுச் சுட்டால் ஆபத்தின்றி அந்தக் குறை தீரும் என்பதும் கட்டுரையாளரின் கருத்து. இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப் படங்களின் கலைத்துறையில் பிராப்பர்ட்டி, அதாவது காட்சிக்கு வேண்டிய பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பார்த்தவன் நான். கேலி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆபத்தின்றி என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

காலித் தோட்டா என்று அவர் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு பொருள்கள். ஒன்றில் வெடிமருந்து உண்டு, குண்டு கிடையாது. சுட்டால் தீயும் ஓசையும் வரும். மற்றொன்றில் குண்டு உண்டு, மருந்து கிடையாது. ரிவால்வரின் சுழல் அறையைக் கேமரா நெருங்கிக் காட்டும்போது அறை நிரம்பியிருப்பதாகத் தெரிவதற்காக அதைப் போடுவார்கள். இந்த இரண்டாம் வகையில் சிலவற்றின் உறைக்குள் சிறிய உருண்டை ஒன்று இருக்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் கிலுகிலுக்கும். ஒலி வராவிட்டால், உறையின் பக்கவாட்டில் துளையும் இல்லாவிட்டால், அதை மருந்தும் குண்டும் உள்ள உண்மையான தோட்டாவாகவே கருதிக் கீழே வைத்துவிட வேண்டும்.

முதல் வகையும் விளையாட்டுப் பொருள் அன்று. 1984-இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர், படப்பிடிப்பின் இடைவேளையில் அத்தகைய தோட்டா போட்ட ரிவால்வரைத் தம் நெற்றிப்பொட்டில் வைத்து வேடிக்கையாக விசையை இழுத்தார். வெடிப்பின் அழுத்தமே மண்டையோட்டை உடைத்து எலும்புத் துண்டை மூளைக்குள் செலுத்திவிட்டது. சில நாள்களில் இறந்துபோனார்.

இரண்டு வகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1993-ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று வட கரோலினாவின் வில்மிங்டனில் நடந்ததே போதும். புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ நடித்த 'தி குரோ' படத்தின் ஒரு காட்சிக்காக, உண்மையான தோட்டாக்களைப் பிரித்து, மருந்தைக் கொட்டிவிட்டுக் குண்டை மீண்டும் பொருத்தி வைத்தார்கள். தோட்டாவின் அடியிலிருந்து முதலில் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். ஏதோ ஒரு நேரத்தில் யாரோ விசையை இழுக்க, அந்தச் சிறு வெடிப்பு குண்டைத் தள்ளித் துப்பாக்கியின் குழலுக்குள் சிக்கவைத்தது. குழலை யாரும் பார்க்கவில்லை. பிறகு, வேறொரு காட்சிக்காக மருந்து மட்டுமுள்ள தோட்டாவைப் போட்டு எதிரே நின்ற நடிகர் சுட்டபோது, சிக்கியிருந்த குண்டு அந்த வேகத்தில் வெளிப்பட்டு லீயின் வயிற்றில் பாய்ந்தது. அவருக்கு வயது 28.

நியூ மெக்சிகோவில் 2021 அக்டோபர் 21 அன்று 'ரஸ்ட்' படப்பிடிப்பில் நடந்ததை எல்லோரும் நடிகர் அலெக் பால்ட்வினின் வழக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கு 2024 ஜூலையில் தள்ளுபடியாகிவிட்டது. என்னைப் போன்றவர்கள் படிக்க வேண்டியது அம்மாநிலத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையின் அறிக்கையை. சுமார் 70 லட்சம் டாலர் செலவில், 21 நாள்களில் முடிக்கத் திட்டமிட்ட படம் அது. (நமக்கு அது பெரும் பணம், அவர்களுக்கு அது சிக்கனப் படம்.) ஆயுதப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட 24 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பொறுப்புக்குரிய ஊதியம் எட்டு நாள்களுக்குத்தான், எஞ்சிய நாள்களில் அவர் பிராப்பர்ட்டி உதவியாளர். விபத்துக்குச் சில நாள்களுக்கு முன்பே அங்கே துப்பாக்கிகள் தவறுதலாக வெடித்திருந்தன. ஒளிப்பதிவுக் குழுவினர் பலர் வேலைச் சூழல் சரியில்லை என்று அன்று காலையில்தான் வெளியேறியிருந்தார்கள். அன்று பிற்பகல் ஒத்திகையில், ஆபத்தில்லை என்று அறிவிக்கப்பட்டு, பால்ட்வின் கையிலிருந்த ரிவால்வரிலிருந்து புறப்பட்ட உண்மையான குண்டு, ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸின் உடலைத் துளைத்து, இயக்குநர் ஜோயல் சோசாவின் தோளில் போய் நின்றது. ஹட்சின்ஸ் உயிரிழந்தார். எல்லாத் தோட்டாக்களையும் சரிபார்த்திருக்க வேண்டும், தான் பார்க்கவில்லை என்று முதல் உதவி இயக்குநர் புலனாய்வாளர்களிடம் ஒப்புக்கொண்டார். ஆயுதப் பொறுப்பாளருக்குப் பதினெட்டு மாதச் சிறை கிடைத்தது. அவருடைய நாள்களை எட்டு என்று எண்ணிக் கொடுத்தவர்கள் யாரும் சிறைக்குப் போகவில்லை.

சிறிய படங்களில் ஒருவர் இரண்டு வேலை பார்ப்பது எனக்குப் புதிதன்று. நாற்காலி, தேநீர்க் கோப்பை, மாலை, கத்தி, டம்மி துப்பாக்கி எல்லாம் ஒரே மரப்பெட்டியில், ஒரே ஆளின் பொறுப்பில் இருக்கும். ஒருமுறை வில்லனின் துப்பாக்கியை எடுத்துத் தயாராக வைக்கும் நேரத்தில் கதாநாயகியின் கைப்பை காணவில்லை என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பி வருவதற்குள், வேடிக்கை பார்க்க வந்த ஊர்ப் பிள்ளைகள் அந்தத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அது வேங்கைமரத்தில் கடைந்து கறுப்பு வண்ணம் பூசியது என்பதால் நானும் சிரித்தேன்.

காட்சியில் உயிரில்லாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் எடைதான். ரப்பர் துப்பாக்கியைச் சீப்பைப் பிடிப்பதுபோல் பிடித்து ஆட்டும் நடிகரிடம், கைப்பிடிக்குள் ஈயத்துண்டு வைத்து அடைத்த ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மணிக்கட்டு தானாகவே இறங்கும், தோளும் வேலை செய்யும். குழல் வாயில் தெறிக்கும் தீயை இன்று கணினியிலேயே சேர்த்துவிடலாம். 'ரஸ்ட்' விபத்துக்கு மறுநாளே, 'தி ரூக்கி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் குழுவினர் இனிப் படப்பிடிப்பில் காற்றழுத்தப் பொம்மைத் துப்பாக்கி மட்டுமே என்றும், தீயைக் கணினியில் சேர்ப்பது என்றும் முடிவெடுத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் உண்மையான துப்பாக்கிதான் வேண்டும் என்கிற தயாரிப்பாளர், அதை மட்டுமே பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்ற ஒருவருக்குப் படப்பிடிப்பின் எல்லா நாள்களுக்கும் சம்பளம் கொடுக்கட்டும். அந்தச் சம்பளத்துக்கு வழியில்லாத படத்துக்கு அந்தத் துப்பாக்கியும் வேண்டாம்.

உங்கள் கட்டுரையாளரின் எழுத்தை விரும்பிப் படிப்பவன் நான். அந்தக் கட்டுரை பின்னாளில் நூலில் இடம்பெறுமானால், காலித் தோட்டாவில் ஆபத்தில்லை என்று பொருள்படும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடும்படி அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கலைத்துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்,
சாலிகிராமம், சென்னை.