என் வலது கண்ணைக் காத்தவர்களுக்கு

குழாய் அடைப்பு நீக்கும் காரத் திரவம் என் கண்ணில் தெறித்த அன்று, எல்லோரும் "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று பதறினார்கள். உடன் வேலை பார்த்த நண்பர் மட்டும் கேட்கவில்லை. என் தலையைக் குழாயடியில் சாய்த்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, அரை மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். வலி தாங்காமல் அவரைத் திட்டினேன், கையைத் தட்டிவிட்டேன். அவர் விடவில்லை. அமிலம் பெரும்பாலும் மேற்பரப்பில் புரதத்தை உறைய வைத்து அங்கேயே தடைபட்டுவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அண்ணே, இன்று அந்தக் கண்ணில் மிஞ்சியிருப்பதெல்லாம் நீங்கள் விட்ட தண்ணீர் காப்பாற்றியது.

மேல் இமையைப் புரட்டி ஒட்டியிருந்ததைத் துடைத்தெடுத்து, காரம் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் சோதனைத் தாளின் நிறம் சரியாகும்வரை மறுபடி மறுபடி கழுவிய செவிலியருக்கும் நன்றி.

அதன்பின் கருவிழி வெளுத்தது, அதன்மேல் ரத்தக் குழாய்கள் படர்ந்தன. வெளிச்சம் பட்டாலே கண்ணீர் கொட்டும். தானக் கண் கிடைத்தால் போதும் என்றிருந்தேன். கருவிழி மருத்துவர் என்னை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். கருவிழியும் வெண்விழியும் சேரும் விளிம்பில் உள்ள ஸ்டெம் செல்கள்தான் கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கின்றன. அவை எரிந்துபோன கண்ணில் புதுக் கருவிழி வைத்தாலும் நிலைக்காது. சரி, என்ன வழி? நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் அளவுத் திசு எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, எரிந்த கண்ணில் விரித்த பனிக்குடச் சவ்வின்மேல் பரப்பி ஒட்டினார். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் வீரேந்தர் சாங்வான் குழுவினர் 2012-இல் வெளியிட்ட முறை இது. ஆய்வகத்தில் செல்லை வளர்க்கத் தேவையில்லாததால்தான் எனக்கும் எட்டியது. அவர்களுக்கும் என் வணக்கம்.

அலாரம் வைத்து நள்ளிரவிலும் எழுந்து சொட்டு மருந்து விட்ட என் மனைவிக்கு இங்கே எழுதி மாளாது. கண் அழுத்தம் ஏறிவிடுமோ என்ற பயம் இன்னும் இருக்கிறது; பரிசோதனைக்கு அவள்தான் கூட வருகிறாள்.

அப்புறம், பெயர் தெரியாத அந்தத் தாய். அந்தச் சவ்வு உங்கள் பிள்ளையை வயிற்றில் போர்த்தியிருந்தது. பிரசவ நேரத்திலும் அதைத் தானமாகத் தரச் சம்மதித்தீர்கள். உங்கள் பிள்ளைக்கு இப்போது நான்கு வயதுக்கு மேல் இருக்கும். இந்த மடலை அந்தக் கண்ணாலும் பார்த்துத்தான் எழுதுகிறேன், அம்மா.