பேராசை மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆளுக்கு ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் என்கிற எம்.எல்.எம்.மில் ஏமாந்தவர்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ‘பேராசை’ என்ற சொல் தலைப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நானும் ஏமாந்தவள்தான், 21 பேரை ஏமாற்றியவளும்கூட. ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் ஏன் இரண்டே மாதத்தில் ஏறினேன், ஏன் அதே வேகத்தில் விழுந்தேன் என்பதற்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை.

கொருக்குப்பேட்டையில் வீட்டு வாசலில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். பத்து பேரைச் சேர்த்து மாதம் 1,000 ரூபாய் சீட்டும் பிடித்துவந்தேன். 2019இல் என்னைத் தேடி வந்த எம்.எல்.எம். கம்பெனிக்காரர் ஜாக்கெட் தைக்க வரவில்லை. சீட்டுப் பிடிக்கிறவள் என்று விசாரித்துத்தான் வந்தார். சீட்டுக்காரி கேட்டால் தெருவே பணம் எடுத்துக் கொடுக்கும் அல்லவா? அது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் வேலை, நோட்டில் நூறு பெயர் எழுதுவது. “யாரையும் நீங்களே கழிச்சிடாதீங்க மேடம்” என்றார். பால்காரர் வரைக்கும் எழுதினேன். ஒரு ஐ.டி., அதாவது ஒருவர் பெயரில் சேருவது, 6,000 ரூபாய். அதற்கு சோப்பு, பேஸ்ட், ஒரு மாவு டப்பா. சேர்ந்தவர்களில் ஒருவர்கூட அந்த மாவு எதற்கு என்று கேட்கவில்லை. “நீ சொல்றியா, அப்ப சரி” என்றார்கள். இரண்டாவது மாதம் 11,000 ரூபாய் ஏறியது. வண்ணாரப்பேட்டை மண்டபம் ஒன்றில், அக்கினி நட்சத்திரத்தில் கோட்டு போட்டு வியர்த்துக்கொண்டிருந்த ஒருவர் எனக்கு மாலை போட்டார். ‘டெய்லரக்கா’ அன்று முழுக்க மேடம்தான்.

மூன்றாவது மாதம் நின்றுவிட்டது. என் கீழே சேர்ந்தவர்களும் நோட்டுப் போட்டார்கள். என் நாத்தனார் நோட்டைப் பார்த்தேன். முக்கால்வாசி என் நோட்டில் இருந்த அதே பெயர்கள். எங்கள் தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், வேறு யாரை எழுதுவாள்? மண்டபத்தில் ஒருவர் சேர்க்க “ரெண்டே ரெண்டு பேர் போதும்”, அவர்கள் ஆளுக்கு ரெண்டு பேர் என்று போர்டில் வரைந்தார்களே, அதைப் பையன் கால்குலேட்டரில் போட்டான். 27ஆவது படியில் மட்டும் 13 கோடிப் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடிதான்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் இடது பக்கம், ஒருவர் வலது பக்கம். வலது பக்கம் ஆள் இல்லையென்றால் இடது பக்கத்துக்கும் காசு வராது. அதற்காக மாமியார் ஆதாரில் ஒன்று, வீட்டுக்காரர் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று மூன்று ஐ.டி. நானே போட்டேன். தோடும் மோதிரமும் அடகுக்குப் போயின. இதற்குள் என் மேலே இருந்தவர் தன் ஆட்களோடு வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். அவருக்கு அங்கே புது நோட்டு. என்னுடையதில் எல்லாப் பெயரும் அடித்தாகிவிட்டது. சீட்டுக்கும் அப்புறம் யாரும் வரவில்லை.

ஆள் சேர்த்தால் பணம் என்கிற பணச்சுழற்சித் திட்டங்களை 1978லேயே சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் இப்படிப் படிப்படியாக ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிடு திட்டம் கூடாது, சேருவதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்கின்றன. “கட்டணம் எங்கே வாங்குறோம், பொருள்தானே குடுக்குறோம்” என்றுதான் இன்றும் மண்டபங்களில் பேசுகிறார்கள்.

அடுத்த முறை இப்படியொரு செய்தி போடும்போது, அதன் கீழே இந்த விதியை நாலு வரிப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். எங்கள் முனையில் டீக்கடைப் பேப்பரைப் பத்து பேராவது படிக்கிறார்கள்.

ஒரு தையல்காரி,
கொருக்குப்பேட்டை, சென்னை.