அந்த ஒட்டக நிறக் கோட்டைப் பற்றி

பாரிஸ்
நவம்பர்

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய படம் வந்தது. ஒட்டக நிறம், முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளம், அகலக் காலர், இடுப்பில் பெல்ட். இந்தக் கோட்டு உண்மையிலேயே நல்லதா, இவ்வளவு விலை தகுமா, ஜனவரிக் கடைசியில் நீ வந்து சேரும்போது கடையில் இருக்குமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "இதற்கெல்லாம் ஆசைப்படலாமா?" என்றும் எழுதியிருக்கிறாய். தாராளமாக ஆசைப்படு. நன்றாகத் தைத்த ஒரு கோட்டு, பார்த்துப் பார்த்து ஆசைப்படத் தக்க பொருள்தான். எதைப் பார்த்து ஆசைப்படுவது என்பதைத்தான் விளக்கமாக எழுத வேண்டும்.

முதலில் இந்த ஊர்க் குளிர். மலையேறுகிறவர்கள் போடும் தடித்த பஃபர் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்து இறங்குகிறவர்கள் நிறையப் பேர். பாரிஸுக்கு அது தேவைப்படாது. ஜனவரியில் விடியற்காலை 3 டிகிரி, மதியம் 7, 8 டிகிரி இருக்கும். சாம்பல் பூத்த வானம், விட்டுவிட்டுத் தூறல், ஈரக்காற்று. பனி பெய்து தரையில் நிற்பது அபூர்வம். ஆனால் மெட்ரோவுக்குள் புழுங்கும், கடைக்குள் ஹீட்டர் எரியும். தெருவில் நடுங்கி, ரயிலில் வேர்த்து, மறுபடி தெருவில் நடுங்குகிற வாழ்க்கை இது. மூடினால் சூடு பிடித்து, பொத்தானைத் திறந்தால் காற்று வாங்குகிற கம்பளிக் கோட்டுதான் இதற்குச் சரி. அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை அதுதான் தினமும் தோளில் கிடக்கும். உள்ளே என்ன உடுத்தியிருக்கிறாய் என்று தெருவில் எவருக்கும் தெரியாது. ஆகவே வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் கோட்டில் பிடிக்காதே.

இனி கடைக் கணக்கு. வானத்தில் குளிர்காலம் வருவதும் கடையில் வருவதும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை. நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் என்று ஃபேஷன் வாரங்கள் வரிசையாக நடக்கும். பாரிஸ் முறை பிப்ரவரிக் கடைசி, மார்ச் தொடக்கத்தில். அதில் காட்டுவது அடுத்த குளிர்காலத்துத் துணி. கடை முதலாளிகள் அப்போதே ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில், ஊரே வெயிலில் வதங்கும்போது, கம்பளிக் கோட்டுகள் கடைக்கு வந்திறங்கும். செப்டம்பரில் எல்லா அளவும் இருக்கும். நவம்பரில் நடுத்தர அளவுகள் தீரத் தொடங்கும். பிப்ரவரியில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தால் லினன் சட்டை தொங்கும், வெளியே நின்று பார்க்கிறவர் கையுறை போட்டிருப்பார்.

நீ வரும் நேரம் அவ்வளவு மோசமில்லை. இங்கே தள்ளுபடி விற்பனைக்குச் "சோல்ட்" என்று பெயர். கடைக்காரர் நினைத்த நேரத்தில் அந்தப் பெயரில் விற்க முடியாது, தேதியைச் சட்டம் வைத்திருக்கிறது. குளிர்கால சோல்ட் வழக்கமாக ஜனவரியின் இரண்டாவது புதன்கிழமை காலையில் தொடங்கும். முன்பு 6 வாரம் இருந்ததை 2020-இலிருந்து 4 வாரமாகக் குறைத்துவிட்டார்கள். முதல் நாளில் அளவு கிடைக்கும், விலைக்குறைப்பு சுமார்தான். மூன்றாம் வாரத்தில் சீட்டின் மேல் சீட்டு ஒட்டி விலை இன்னும் இறங்கியிருக்கும், அளவுதான் கிடைக்காது. நீ வந்து இறங்குவது அந்த மூன்றாம் வாரத்தை ஒட்டி. 34, 36 போன்ற சின்ன அளவும் 44-க்கு மேல் பெரிய அளவும்தான் அப்போது மிஞ்சும். உனக்கு 36 என்பதால் வாய்ப்பு உண்டு.

சோல்ட்டில் பழைய விலையைச் சீட்டில் காட்டியே தீர வேண்டும். சரக்கு குறைந்தது ஒரு மாதமாவது கடையில் விற்பனைக்கு இருந்திருக்க வேண்டும். "தள்ளுபடிச் சரக்கு, திரும்ப எடுக்க மாட்டோம்" என்று எழுதி வைத்திருந்தாலும் மறைந்திருந்த குறை தெரியவந்தால் கடைதான் பொறுப்பு. மனம் மாறிவிட்டது என்று கொண்டுபோனால் மட்டும் கடைக்காரர் எடுத்துக்கொள்ளக் கட்டாயமில்லை. இணையத்தில் வாங்கினால் அதற்கும் 14 நாள் உண்டு.

இதில் முக்கியமாகப் பிரித்தறிய வேண்டியது, அந்த வருஷத்துத் துணியையும் வருஷா வருஷம் வரும் துணியையும். படத்தில் உள்ள உன் கோட்டு இரண்டாவது வகை. இந்த வகைக்கு முன்னோடி என்று சொல்லத் தக்கது இத்தாலிய நிறுவனமான மாக்ஸ் மாராவின் 101801 என்ற எண் கொண்ட கோட்டு. ஆன்-மரி பெரெத்தா என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் 1981-இல் வரைந்த வெட்டு, இன்றுவரை தைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்டதற்கு அவசரப்படவே வேண்டாம், இந்த வருஷம் தப்பினால் அடுத்த வருஷம் வரும். அந்தந்த சீசனுக்கென்று வருவது, மேடையில் பார்த்ததும் மனசை அள்ளுகிற அந்த எலுமிச்சைப் பச்சை, ராட்சதக் காலர், இந்த வருஷம் மட்டும் பேசப்படும் அச்சு வேலைப்பாடு, மறு வருஷம் கிடைக்காது. அதில் மனம் வைத்தால் செப்டம்பரிலேயே வாங்க வேண்டும், முழு விலை கொடுக்க வேண்டும். எனக்குக் கேட்டால் அப்படிப்பட்டதைக் கழுத்துத் துணியில் வாங்கு, கோட்டில் வாங்காதே.

விலைக்கு வருகிறேன். நடுத்தரக் கடைகளில் நல்ல கம்பளிக் கோட்டு 250 முதல் 500 யூரோவுக்குள் கிடைக்கும். படத்தில் உள்ளது போலப் பெரிய ஃபேஷன் நிறுவனச் சரக்கு 2000 யூரோவைத் தாண்டும். நான்கு மடங்கு, ஐந்து மடங்கு விலைக்கு நான்கு மடங்கு துணி கிடைக்காது. ஆனால் உள்ளே வேலை வேறாக இருக்கும். நீ தையல் தெரிந்தவள், கடையில் கோட்டைக் கையில் எடுத்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் பக்கத் தையலில் தொங்கும் சீட்டு. நூல் வகையைச் சதவீதத்தோடு எழுதுவது ஐரோப்பாவில் கட்டாயம். முழுக் கம்பளி, அல்லது 80 கம்பளி 20 பாலிமைடு (அதாவது நைலான்), இரண்டும் நல்லவை. அந்த 20 சேர்ப்பது உரசலுக்குத் தாங்க. பாலியெஸ்டர் பாதிக்கு மேல் போனால் கீழே வை. மெட்ரோவில் வேர்க்கும், வெளியே சூடு நிற்காது, ஒரே குளிர்காலத்தில் பிசிறு உருண்டை கட்டிவிடும். முன்பக்கம் "காஷ்மீர்" என்று பெரிதாகப் போட்டு உள்ளே 5 சதவீதம் என்றிருந்தால் அந்த ஐந்துக்காகக் காசு கொடுக்காதே. காஷ்மீர் இழை மெல்லியது, ஏறக்குறைய 14 முதல் 19 மைக்ரான். மெத்தென்று இருக்கும், ஆனால் கைப்பை வார் உரசும் தோளில் முதலில் தேய்வதும் அதுதான்.

அடுத்து, லைனிங் உண்டா இல்லையா. விலை கூடிய ஒட்டக நிறக் கோட்டுகளில் பல லைனிங் இல்லாமல் வரும். மிச்சம் பிடிப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்காதே, டபுள் ஃபேஸ் என்ற துணி அது. இரண்டு மெல்லிய கம்பளித் துணிகளை நடுவில் சன்னமான இணைப்பு நூலால் பிடித்து ஒன்றாக நெய்திருப்பார்கள். தைக்கும்போது ஒவ்வொரு விளிம்பிலும் சுமார் ஒன்றரை சென்டிமீட்டருக்கு அந்த நூலைக் கத்தரித்து, இரண்டு துணியையும் பிரித்து, உள்நோக்கி மடித்து, கையால் கண்ணுக்குத் தெரியாத தையல் போட்டு மூடுவார்கள். உள்ளும் புறமும் ஒரே மாதிரி இருக்கும், எங்கேயும் வெட்டுமுனை தெரியாது. விரல் நுனியால் விளிம்பைத் தடவிப் பார். கைத்தையலானால் லேசான மேடுபள்ளம் தட்டுப்படும், விளிம்பு உருண்டு மிருதுவாக இருக்கும். ஒட்டுப்பசையில் ஒட்டியதானால் அட்டை போல விறைப்பாக நிற்கும், இரண்டு டிரை கிளீனிங்கில் வாய் பிளக்கும். விலை ஏறுவது பெரும்பாலும் இந்தக் கைவேலைக்குத்தான், அதற்குக் கொடுக்கலாம்.

லைனிங் உள்ள கோட்டானால், கடைசிப் பொத்தான் காஜாவுக்குக் கீழே முன்பக்கத் துணியையும் உள்பக்கத் துணியையும் இரண்டு கையாலும் கிள்ளி, மெதுவாகப் பிரித்து இழு. நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியே நழுவினால் கேன்வாஸ், அதாவது விறைப்பான உள்துணி, வைத்துத் தைத்தது. ஒன்றுமே நழுவாமல் மேல்துணி தடித்து இருந்தால் ஃப்யூசிங், அதாவது உள்துணியைப் பசையால் ஒட்டியது. அதில் தப்பில்லை, ஆனால் சூட்டிலும் ரசாயனத்திலும் பசை விட்டால் மார்பில் கொப்புளம் போலக் கிளம்பும், அதை எந்தத் தையல்காரராலும் சரி செய்ய முடியாது. லைனிங் முதுகு நடுவில் ஒரு மடிப்பு இருக்கிறதா பார், இல்லாவிட்டால் கையை முன்னால் நீட்டும்போது அக்குளில் கிழியும். விஸ்கோஸ், குப்ரோ என்ற பட்டுப் போன்ற துணிகளில் போட்ட லைனிங் வழுக்கிக்கொண்டு போகும், வேர்வை தாங்கும். பொத்தானுக்கு நூல் சுற்றிய காம்பு வேண்டும், தடித்த துணிக்குப் பின்பக்கம் குட்டிப் பொத்தானும் வேண்டும். தையலுக்குள் விட்டிருக்கும் துணி 2 சென்டிமீட்டர் இருந்தால் பின்னால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

போட்டுப் பார்க்கும்போது உள்ளே தடித்த ஸ்வெட்டர் ஒன்று இருக்கட்டும். தோள் தையல் உன் தோள் எலும்பு முடியும் இடத்தில், அல்லது ஒரு விரல் தள்ளி உட்கார வேண்டும். கையை முன்னால் கட்டிக்கொண்டு பார், முதுகு பிடித்தால் அடுத்த அளவு. கை நீளத்தையும் கீழ் ஓரத்தையும் எந்த "ரெத்தூஷ்" கடையிலும், அதாவது துணி திருத்தும் கடையிலும், மாற்றிக்கொள்ளலாம். தோளை மாற்றுவது கோட்டை மறுபடி தைப்பதற்குச் சமம், ஆகவே தோள் சரியில்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடு. அளவு எண்ணிலும் ஏமாறாதே: பிரெஞ்சு 36 என்பது இத்தாலிய 40, பிரிட்டிஷ் 8. இத்தாலிய நிறுவனச் சீட்டில் 36 என்று தேடினால் கிடைக்காது.

வாங்கி வந்ததும் பின்பக்கத் திறப்பில் பெருக்கல் குறி போல ஒரு தையல் இருக்கும், அதை வெட்டி எடு. வண்டியில் வரும்போது மடிப்புக் கலையாமல் இருக்கப் போடுவது அது. கை மணிக்கட்டில் வெளியே தைத்த கம்பெனிச் சீட்டையும் எடுத்துவிட வேண்டும். பையும் தைத்தே வரும், அதைப் பிரிப்பது உன் இஷ்டம். பிரிக்காவிட்டால் பை தொங்காமல் நேராக இருக்கும்.

2000 யூரோ கையில் இல்லை என்பதற்காக அந்தக் கைவேலை உனக்கு இல்லை என்று ஆகாது. இந்த ஊரில் "தெப்போ-வாந்த்" என்ற கடைகள் உண்டு, பழைய உடுப்பை உரிமையாளர் கொடுத்து வைக்க, கடைக்காரர் விற்றுக் கமிஷன் எடுப்பார். அங்கே பத்து வயதான நல்ல கோட்டு கிடைக்கும். அக்குள் லைனிங், கை முனை, பை வாய், காலரின் கழுத்துப் பக்கம் ஆகிய நான்கையும் பார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடி, பூச்சி அரித்த ஓட்டை ஊசிமுனை வெளிச்சமாகத் தெரியும். தெருவில் விரித்து விற்கும் பெரிய நிறுவனப் பெயர்களைத் திரும்பியும் பார்க்காதே. இங்கே போலியை வைத்திருந்தாலே குற்றம், சுங்கக்காரர் பொருளைப் பிடுங்கிக்கொண்டு அசலின் விலையை வைத்து அபராதம் போடலாம்.

சுற்றுலா வருகிறவர்களுக்குக் கிடைக்கும் வரிக் கழிவு, 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் கொடுப்பது, உனக்குக் கிடையாது, நீ இங்கே தங்கிப் படிக்க வருகிறாய். அம்மா வந்தால் அம்மாவுக்குக் கிடைக்கும். ஆனால் பொருளை அம்மாவே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே எடுத்துப் போக வேண்டும், அம்மா பெயரில் வாங்கி நீ போட்டுக்கொள்ள முடியாது.

பராமரிப்பு சுலபம்தான். அகலத் தோள் உள்ள மரத் தாங்கியில் மாட்டு. குதிரை முடி பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் தடவு. நனைந்தால் ஹீட்டரிலிருந்து தள்ளித் தொங்கவிடு. டிரை கிளீனிங் சீசன் முடிவில் ஒரு தடவை போதும், கண்டிப்பாக அந்த ஒரு தடவை வேண்டும். கம்பளியை அரிப்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. வேர்வையும் உணவுக் கறையும் உள்ள இடத்தைத்தான் அது முதலில் தேடும். அழுக்கோடு கோடையில் பூட்டி வைத்தால் அக்டோபரில் ஓட்டைதான் மிஞ்சும். சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வை, புழுவும் முட்டையும் செத்துவிடும். லைனிங் கிழிந்தால் தூக்கி எறியாதே. துணியைத் திருத்திப் போடுவதை ஊக்குவிக்க 2023 நவம்பரில் தொடங்கிய திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற தையல் கடைகளில் வேலைக்குத் தக்கபடி 6 முதல் 25 யூரோ வரை பில்லிலேயே கழித்தார்கள். கடை வாசலில் அந்தத் திட்டத்தின் சின்னம் இருக்கிறதா என்று பார்த்துப் போ.

தையல் தெரிந்தவள் பார்க்க வேண்டிய இடம் ஒன்று: மோன்த்தேஞ் அவென்யூ 30-ஆம் எண்ணில், 1947 பிப்ரவரி 12 அன்று ஃபேஷன் வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டிய கட்டடத்தை ஒட்டி 2022-இல் ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். அதில் ஓர் அறை முழுக்க, அசல் துணியை வெட்டும் முன் வெள்ளைத் துணியில் தைத்துப் பார்க்கும் மாதிரிகள் உயர உயர அடுக்கியிருக்கும். பெயர், நிறம், பளபளப்பு எல்லாம் போய் வெட்டும் தையலும் மட்டும் நிற்கும். டிக்கெட்டை முன்பே எடுத்துவிட வேண்டும், வாசலில் வரிசை நீளம்.

சோல்ட் தொடங்கும் அன்று உனக்காகப் பார்த்து வைக்கிறேன். அடுத்த கடிதத்தில் மூன்று அளவு எழுதி அனுப்பு: ஸ்வெட்டருக்கு மேல் மார்புச் சுற்று, முதுகில் தோளுக்குத் தோள், தோளிலிருந்து கட்டைவிரல் அடி வரை கை நீளம். கையை லேசாக மடக்கிக்கொண்டு எடு, நீட்டிக்கொண்டு எடுத்தால் குறைந்துவிடும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு.

உன் அக்கா