துவக்குக்கு எந்த ரவை வாங்குவது என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள தம்பிக்கு,

உன் செய்தி செவ்வாய் இரவு வந்தது. .308 வேட்டைத் துவக்குக்கு எந்த ரவை, அதன் முனையிலிருந்து பறக்கும் சன்னம் எத்தனை கிரெய்ன் பாரம் என்று இரண்டு வரி. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள். "துவக்குக்குப் பயந்துதானே இங்கே வந்தோம்" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடுத்த நாள் காலையில் பார்த்தால் உனக்கு அனுப்பக் கறித்தூள் வறுத்துக்கொண்டிருக்கிறாள். வட நோர்வேயின் மால்செல்வ் பக்கம் எல்க் இறைச்சி, அதுதான் கனடாவில் மூஸ் என்கிற பெரிய மானின் இறைச்சி, கிடைத்தால் எந்தத் தூளைப் போட்டுச் சமைப்பாய் என்பது அவள் கவலை.

எனக்கு எழுதினாயே, அது போதும். ஞாயிறுதோறும் அம்மாவோடு கதைக்கிறாய். நான் தொலைபேசியை வாங்கினால் மட்டும் உனக்கு வேலை வந்துவிடுகிறது. அதை இப்போது பெரிதாக எடுக்கவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். 180 கிரெய்ன் வாங்கு. செப்பு உறையோடு ஈயத்தை ஒட்டவைத்த சன்னமாக இருக்கட்டும், பெட்டியில் பொண்டட் என்று போட்டிருப்பார்கள். 180 கிரெய்ன் என்றால் 11.7 கிராம். நோர்வேச் சட்டப்படி எல்க்குக்குச் சன்னம் 9 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது உனக்குத் தெரியும். 9க்கும் 10க்கும் இடையில் என்றால் 100 மீட்டரில் அடியின் சக்தி 2700 ஜூல் வேண்டும், 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 போதும். என் பழைய 6.5×55 துவக்குக்கு வேட்டைக்கென்று நான் 156 கிரெய்ன் தவிர எதுவும் வாங்காததற்கு இதுதான் காரணம். 156 என்பது 10.1 கிராம், 10 கிராம் என்ற எல்லையை மயிரிழையில் தாண்டிவிடும். 140 என்றால் 9.1 கிராம்தான், அந்தத் துவக்கில் அதை 2700க்குக் கொண்டுவருவது பெரும்பாடு. உன் .308க்கு இந்தச் சிக்கல் இல்லை. 180 போட்டால் சட்டம் கேட்பதைவிட நிறையவே இருக்கும்.

கடைக்காரன் வேகத்தைப் பற்றிப் பேசுவான். பாரம் குறைந்த சன்னம் வேகமாகப் போகும், தட்டையாகப் போகும், எல்லாம் உண்மை. நீ நிற்கப்போவது காட்டுக்குள். நாய் ஓட்டிக்கொண்டு வரும் எல்க் அறுபது, எண்பது மீட்டரில் வெளியே வரும். வளர்ந்த ஆண் நானூறு, ஐந்நூறு கிலோ. தோள் எலும்பில் பட்டால் மெல்லிய வேகச் சன்னம் அங்கேயே நொறுங்கிவிடும், நுரையீரல்வரை போகாது. ஜோன் நோஸ்லர் என்ற அமெரிக்கருக்கு 1946இல் இதுதான் நடந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உடம்பெல்லாம் சேறு காய்ந்து கிடந்த பெரிய ஆண் எல்க் ஒன்றைச் சுட்டார். சன்னங்கள் மேலேயே உடைந்துபோயின. வீட்டுக்கு வந்து, நடுவில் சுவர் வைத்து இரண்டு அறையாகச் சன்னம் செய்தார். முன் பாதி விரியும், பின் பாதி உடையாமல் உள்ளே போகும். 1948இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. உனக்கும் அதுதான் வேண்டும்: முன்னால் விரியவேண்டும், பாரம் குறையாமல் உள்ளே போகவேண்டும்.

முழுச் செப்பும் நல்லதுதான். இறைச்சியில் ஈயம் சேராது, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். செப்பு ஈயத்தைவிடப் பாரம் குறைந்தது, அதே பாரத்துக்குச் சன்னம் நீண்டுவிடும். அதனால் அதில் 165 எடு. 150 எடுக்காதே. 150 என்றால் 9.7 கிராம், திரும்பவும் 2700 ஜூல் கணக்குக்குள் விழுவாய். செப்பு விரிவதற்கு வேகமும் வேண்டும், தூரத்தில் சுடுவதற்கு அதை நம்பாதே. சரி, இதில் நீ குழம்பவேண்டாம். 180 பொண்டட்.

எதை வாங்கினாலும் அதே பெட்டியால் துவக்கைச் சரிபார். பாரம் மாறினால் அடி விழும் இடமும் மாறும். முப்பது பயிற்சிச் சூடும் அதுவே, வேட்டைக்கு முன் நடக்கும் சூட்டுத் தேர்வின் ஐந்தும் அதுவே. அந்த 30 சென்ரிமீட்டர் வட்டத்துக்குள் நீ முதல் தடவையே ஐந்தையும் ஒரு கைப்பிடி அளவில் போட்டவன். பக்கத்தில் நின்ற கிழவர் யாருடைய பிள்ளை என்று கேட்டபோது நான் கையைத் தூக்கியது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. கனடாச் சித்தப்பாவுக்கு அன்றிரவே எடுத்துச் சொன்னேன். "மூஸ் சுடும் அளவுக்கு வளர்ந்துவிட்டானா" என்று கேட்டார்.

பக்கவாட்டில் நின்றால் மட்டும் சுடு. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். நுரையீரலில் பட்டாலும் எல்க் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும், ஏமாந்துவிடாதே, அது விழும்வரை திரும்பச் சுடு. பின்னால் இன்னொரு எல்க் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்.

அப்புறம் ஒன்று. துவக்கில் போடுவதற்கு முன் ஒவ்வொரு ரவையின் நுனியையும் விரலால் தடவிப் பார். இருட்டாக இருந்தாலும் விரலுக்குத் தெரியும். வேட்டைச் சன்னம் என்றால் நுனியில் ஈயம் வெளியே நிற்கும், அல்லது ஓட்டை இருக்கும், அல்லது பிளாஸ்டிக் முனை இருக்கும். நுனி செப்பால் வழுவழுப்பாக மூடியிருந்தால் அது பயிற்சி ரவை. விரியாது. எல்க்கின் உடம்புக்குள் ஊசிபோல் நுழைந்து ஊசிபோல் வெளியே போய்விடும். தடவிப் பார், தம்பி.

இதை எழுதிவிட்டு எழும்பிப்போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். இனி எழுதவேண்டியதை மூன்று வருடமாக எழுதவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், அந்த வேட்டையின் முதல் நாள் காலை நாலரை மணிக்கு நிலவறையில் விளக்கைப் போடாமல் துவக்கு அலுமாரியைத் திறந்தவன் நான். அம்மா எழும்பிவிடுவாள் என்று நினைத்தேன். உள்ளே இரண்டு பெட்டிகள் இருந்தன. என் 6.5ஐ உனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன், ரவையும் நானே நிரப்பித் தந்தேன். அப்பா தந்தது என்று நீ வாங்கிப் போட்டாய்.

அடுத்த நாள் பத்து மணிக்கு நாய் நீ சுட்ட அந்தப் பெண் எல்க்கைச் சதுப்புக்கு அப்பால் கண்டுபிடித்தபோது வயிறு ஊதிப்போய் இருந்தது, இறைச்சி உதவவில்லை. பின்னுக்குத் தள்ளிச் சுட்டுவிட்டான், பொடியனுக்கு அவசரம் என்று வேட்டைக் குழுத் தலைவர் சொன்னார். "காலுக்குப் பின்னால்தான் சுட்டேன்" என்று நீ சொன்னாய். யாரும் பதில் சொல்லவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன்.

அன்றிரவு அலுமாரியைத் திறந்தேன். 156 பெட்டியில் இருபது ரவையும் அப்படியே இருந்தன. பயிற்சிக்கு வாங்கிய 144 பெட்டியில் ஐந்து குறைந்திருந்தது. அந்த எல்க் ஏன் விழாமல் போனது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நீ சுட்டது சரியான இடத்தில்தான்.

அதை அன்றிரவே சொல்லியிருக்கலாம். பயந்தேன். அந்தக் குழுவில் எனக்கு ஓர் இடம் கிடைக்க ஒன்பது வருடம் எடுத்தது. பாட்ஸ்ஃபியோர்டில் மீன் வெட்டியவன், கை நடுங்காமல் துவக்குப் பிடிக்கக் கற்றுக்கொண்டவன், கடைசியில் தடைசெய்த ரவையோடு காட்டுக்கு வந்தான் என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். என் இடம் போகாமல் இருக்க உன் பெயரைப் போகவிட்டேன். நீ அடுத்த வருடம் வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை. வேலைதான் காரணம் என்று அம்மாவிடம் சொன்னதும் நான்தான்.

அம்மாவுக்கு நேற்று எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைவரின் வீட்டுக்குப் போகிறேன், அந்த 144 பெட்டியையும் கொண்டுபோகிறேன். இந்த வருடம் வேட்டை தொடங்கும் செப்டம்பர் 25க்கு என்னைக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. அவருக்கு முன் உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் இன்று எழுதுகிறேன்.

தூள் வெள்ளிக்கிழமை தபாலில் வரும். பெட்டியை நீயே வாங்கு, நீயே திற, நீயே நிரப்பு. வேறு யார் நிரப்பித் தந்தாலும் தடவிப் பார்க்காமல் போடாதே. துவக்கைச் சரிபார்த்த பிறகு ஐந்தும் எங்கே விழுந்தன என்று எனக்கு எழுது. இரண்டு வரி போதும்.

அப்பா