சுகர் பேஷண்டுக்கு ஹார்ட் ஆபரேஷன் நேரத்துல மூளை ஆக்சிஜன் பாக்குற சென்சார் கேட்டு கோரிக்கை மனு

அனுப்புநர்: இதய அறுவை சிகிச்சை தியேட்டர்ல வேலை பாக்குற அனஸ்தீசியா டெக்னீஷியன்

பெறுநர்: உயர்திரு சுகாதாரத் துறை செயலாளர் அவர்கள்

பொருள்: மூளை ஆக்சிஜன் மானிட்டருக்கான நெத்தி சென்சாரை கட்டாயம் வாங்க வேண்டிய பொருள் பட்டியல்ல சேக்கக் கோருவது தொடர்பாக

ஐயா, வணக்கம்.

தியேட்டர்ல பேசுற மாதிரியே எழுதுறேன், பொறுத்துக்கோங்க. எங்க தியேட்டர்ல மூளையில இருக்குற ஆக்சிஜன் அளவ காட்டுற மானிட்டர் ஒண்ணு இருக்கு, நல்லா ஓடுற மெஷின்தான். ஆனா நெத்தியில ஒட்டுற சென்சார் ஸ்டிக்கர் இல்ல. அது ஒரு பேஷண்டுக்கு ஒரு ஜோடி, ஒரு தடவ ஒட்டுனா அதோட சரி. மெஷினோட வந்த ஸ்டிக்கர் தீந்ததுக்கு அப்புறம் இண்டெண்ட் (வாங்கித் தரச் சொல்லி எழுதுற கோரிக்கைச் சீட்டு) போட்டா லிஸ்ட்ல இல்லன்னு திரும்பி வருது, மறுபடி போட்டாலும் அதே பதில், இப்போ அந்த மானிட்டர் மேல பச்சைத் துணி போத்தி செவத்தோரமா நிறுத்தி வச்சிருக்கோம்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பெரியவருக்கு பைபாஸ் நடந்துச்சு. ரொம்ப வருஷமா சுகர், இன்சுலின் போடுறவர். ஹார்ட், நுரையீரல் வேலைய பாக்குற பம்ப் மெஷின் ஓடுன நேரம் முழுக்க சராசரி பிபி 65 கிட்டயே நின்னுச்சு, ரத்தத்துல ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு பாக்குற பிளட் கேஸ் டெஸ்டும் சரி, எல்லாரும் நல்ல கேஸ்னுதான் சொன்னோம். மூணாவது நாள் ஐசியூ போறேன், மனுஷன் கையில ஸ்பூன வச்சுக்கிட்டு எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாம திருப்பித் திருப்பி பாத்துட்டு இருக்கார், பக்கத்துல நின்ன மக கிட்ட "நீங்க யாரும்மா"ன்னு கேக்குறார். ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு என்னைய தனியா கூப்ட்டு "ஆபரேஷன் அப்போ அப்பாவுக்கு மூளைக்கு ஆக்சிஜன் கம்மியா போச்சாண்ணே"ன்னு கேட்டுச்சு. கம்மியாச்சுன்னும் சொல்ல முடியல, ஆகலன்னும் சொல்ல முடியல, நாங்கதான் பாக்கவே இல்லையே ஐயா.

பிபி பாக்குறீங்கல்ல, விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டுறீங்கல்ல, அது போதாதான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. போதாது. விரல்ல மாட்டுறது நாடித் துடிப்ப வச்சுதான் கணக்கு போடும், ஹார்ட்ட நிறுத்திட்டு பம்ப் ஓட்டும்போது பெரும்பாலும் துடிப்பே இருக்காது. ரத்தத்துல ஆக்சிஜன் 100ன்னு வந்தாலும் அது உள்ள போற ரத்தத்தோட கணக்கு, மூளை தனக்கு வேண்டியத எடுத்தது போக மிச்சம் எவ்ளோன்னு அதுல தெரியாது. உடம்பு எடையில மூளை 2 சதவீதம்தான், ஆனா ஆக்சிஜன்ல சுமார் 20 சதவீதம் அதுக்கே போகுது.

சுகர் பேஷண்டுக்கு இது இன்னும் சிக்கல். சாதாரணமா பிபி ஏறி இறங்குனாலும் மூளையோட ரத்தக்குழாய் தானா விரிஞ்சு சுருங்கி ஓட்டத்த ஒரே மாதிரி வச்சுக்கும். வருஷக்கணக்கா சுகர் இருக்குறவங்களுக்கு சின்னச் சின்ன ரத்தக்குழாயெல்லாம் கெட்டிப்பட்டு அந்த வேலை சரியா நடக்குறதில்ல, பம்ப்ல இருக்கும்போது இப்படி ஆகுதுன்னு 1990லயே ஆராய்ச்சி வந்தாச்சு. அதனால இன்னொருத்தருக்கு போதுமான பிபி இவங்களுக்கு பத்தாம போகலாம். ஆபரேஷன் முடியுற நேரத்துல குளுர வச்ச உடம்ப திரும்ப சூடேத்துவோம், அப்போ மூளைக்கு ஆக்சிஜன் தேவை சட்டுன்னு கூடும், நான் ரொம்ப பயப்படுறது அந்த நேரத்துக்குத்தான்.

இந்த மெஷின் ஒண்ணும் புது அதிசயம் இல்ல. மண்டை ஓட்ட தாண்டி அகச்சிவப்பு வெளிச்சம் உள்ள போயி வரும், அத வச்சு மூளை ஆக்சிஜன பாக்கலாம்னு ஃபிரான்ஸ் யோப்சிஸ்ங்குற விஞ்ஞானி சொன்னது 1977ல. நெத்தி ரெண்டு பக்கமும் ஸ்டிக்கர், மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடியே ஒரு பேஸ்லைன் நம்பர் குறிச்சுக்கணும், அதுல இருந்து 20 சதவீதம் இறங்குனாலோ 50க்கு கீழ போனாலோ உஷார் ஆகணும். ஸ்டிக்கர் இருந்த காலத்துல ஒரு கேஸ்ல பம்ப் ஏத்துன கொஞ்ச நேரத்துல வலது பக்கம் 62ல இருந்து 44க்கு வந்துச்சு, இடது பக்கம் அப்படியே நிக்குது, பிபியும் மாறல. டாக்டர் துணிக்கு அடியில கை விட்டுப் பாத்தா தல ஒரு பக்கமா திரும்பி கழுத்து அழுந்திக் கெடந்துச்சு. தலைய நேர் பண்ணினாங்க, ரெண்டு நிமிஷத்துல நம்பர் ஏறிடுச்சு. ஒரு ஊசி கூட போடல. மத்த நேரத்துல பிபிய கொஞ்சம் ஏத்துறது, பம்ப் ஓட்டத்த கூட்டுறது, கார்பன் டை ஆக்சைடு ரொம்ப இறங்கியிருந்தா சரி பண்றது, ஹீமோகுளோபின் கம்மின்னா ரத்தம் ஏத்துறது, எல்லாம் நம்ம கையில இருக்குற வைத்தியம்தான்.

ஒரு பக்கமா மட்டும் பேசக்கூடாதுன்னு இதையும் சொல்றேன். 2007ல 200 பைபாஸ் பேஷண்ட வச்சு நடந்த ஆராய்ச்சியில இந்த நம்பர பாத்து சரி பண்ணுன குரூப்புல பெரிய பாதிப்பு குறைஞ்சுது, ஆனா பின்னாடி வந்த எல்லா ஆராய்ச்சியும் ஒரே முடிவு சொல்லல. சென்சார் பாக்குறதும் நெத்திக்கு பின்னாடி இருக்குற மூளைய மட்டும்தான், சின்ன ரத்தக்கட்டி போயி அடைச்சு வர்ற ஸ்ட்ரோக் எல்லாத்தையும் இது பிடிக்காது. இருந்தாலும் கழுத்து அழுந்துனது மாதிரி ஒரு நொடியில சரி பண்ற விஷயம் கூட தெரியாம மணிக்கணக்கா பம்ப் ஓட்டுறத என்னால ஏத்துக்க முடியல.

அதனால நான் கேக்குறது, இந்த சென்சார கட்டாயம் வாங்க வேண்டிய பட்டியல்ல சேருங்க. எல்லாருக்கும் வாங்க பணம் பத்தலன்னா, பம்ப் வச்சு ஆபரேஷன் பண்ற சுகர் பேஷண்டுக்கு மொதல்ல குடுங்க, அதுலயும் இன்சுலின்ல இருக்குறவங்க, முன்னாடி ஸ்ட்ரோக் வந்தவங்க, கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்குறவங்கள முன்னால வைங்க. பேஸ்லைன் எவ்ளோ, எப்போ இறங்குச்சு, என்ன பண்ணினோம்னு அனஸ்தீசியா சார்ட்லயே எழுத ஒரு கட்டம் போடச் சொல்லுங்க. நம்பர் இறங்குனா எத மொதல்ல பாக்கணும்னு டாக்டர், பம்ப் ஓட்டுற பெர்ஃப்யூஷனிஸ்ட், எங்கள மாதிரி டெக்னீஷியன் எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு ஒரு நாள் டிரெயினிங் குடுத்தா போதும், அந்த டிரெயினிங் ஏற்பாடு எங்க டீமே பண்ணத் தயார். ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஞாபக சக்திய செக் பண்றதையும் சேத்து உத்தரவு போடுங்க ஐயா, அது இல்லாம பேஷண்ட் குழம்பியிருக்காரா இல்லையாங்குறதே பல நேரம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியுது.

எத்தன இண்டெண்ட் எந்தத் தேதியில போட்டோம், என்ன பதில் வந்துச்சுங்குற நகல் எல்லாம் கைல இருக்கு, கூப்ட்டா நேர்ல கொண்டு வந்து காட்டுறேன். அடுத்த கொள்முதல் பட்டியல் போடுறதுக்கு முன்னாடி இந்த மனு மேல ஒரு முடிவு எடுத்து எழுத்துல பதில் குடுக்கணும்னு தாழ்மையோட கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
அனஸ்தீசியா டெக்னீஷியன்