டேப்லெட்டுக்குப் பணம் உண்டு, டீச்சருக்கு இல்லையா?

சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி ஒதுக்கும் குழுக்களின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஜவ்வாது மலையில் ஐந்து ஊர்களில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளையில், நிறுவனங்களிடம் நிதி கேட்டு ப்ரொபோசல் எழுதுவது என் வேலை. போன வாரம் ஒரு நிறுவனத்திலிருந்து எங்கள் பட்ஜெட் திரும்பி வந்தது. ஐந்து டீச்சர்களுக்கும் மாதம் ஆறாயிரம் என்று போட்டிருந்த இடம் முழுக்கச் சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரே குறிப்பு: 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.'

இந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2021 ஜனவரியில் திருத்திய சி.எஸ்.ஆர். விதிகளில் இருக்கிறது. அது நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தச் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று அதே விதி சொல்கிறது. வகுப்பு எடுப்பவருக்குக் கொடுக்கும் சம்பளம் எப்படி நிர்வாகச் செலவாகும்? கல்வித் திட்டத்தில் அவரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலக பீரோவில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் வேறொரு நிறுவனம் இருபது டேப்லெட் கொடுத்தது. சொல்லிக்கொடுக்கிற ஆளுக்குப் பணம் தரவில்லை. நாங்கள் கைக்காசு போட்டு ஏழு மாதம் ஓட்டினோம். அப்புறம் முடியவில்லை. ஒரு டீச்சர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். போன மாதம் பீரோவைத் திறந்தால், நாலைந்து டேப்லெட்டில் பேட்டரி உப்பி, பின்மூடி வாய் பிளந்து கிடந்தது. நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கர் மட்டும் புதுசாகவே இருக்கிறது. அந்த டீச்சரிடம் படித்த பெண் ஒருத்தி, 'அக்கா எப்ப வருவாங்க?' என்று இன்றும் கேட்கிறாள்.

தயவுசெய்து களத்தில் நிற்பவர்களின் சம்பளத்தைத் திட்டச் செலவாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

ப்ரொபோசல் எழுதச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளுக்கு நானும் போயிருக்கிறேன். நல்ல விஷயங்கள் கற்றேன். பிரச்சினையை அந்த ஊரின் கணக்கோடு சொல்ல வேண்டும், பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு செயல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே படித்ததுதான். ஆனால் தேநீர் இடைவேளையில் அனுபவசாலிகள் சொல்லித்தந்தது வேறு: 'சம்பளம்னு எழுதாதீங்க, பயிற்சிச் செலவுன்னு பிரிச்சுப் போடுங்க.' நேர்மையாக வேலை செய்கிறவர்களைப் பொய்க்கணக்கு எழுத வைப்பது யார்? பிறகு தணிக்கையில் பில் கேட்பதும் நீங்கள்தான்.

இதோடு இன்னும் எத்தனையோ. 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், சி.எஸ்.ஆர். நிதி பெறத் தேவையான சி.எஸ்.ஆர்.1 பதிவு எல்லாம் சரியாக வைத்திருக்கிறோம். இருந்தும் எட்டு மாதம் பதில் இல்லாமல் கிடக்கும் ப்ரொபோசலுக்கு பிப்ரவரி கடைசியில் போன் வரும், மார்ச் 31க்குள் செலவு செய்து காட்ட முடியுமா என்று. ஒரு மாதத்தில் பை வாங்கலாம், நாற்காலி வாங்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் ஐந்தாம் வகுப்புப் பையனை ஒரு மாதத்தில் படிக்க வைக்க முடியாது. தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டு வரை நீளும் தொடர் திட்டங்களுக்குச் சட்டமே இடம் தருகிறதே, அதை ஏன் பயன்படுத்த மாட்டேன் என்கிறீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பணத்தால் இந்த மலையில் நல்லது நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. கேட்பது ஒன்றுதான்: சொல்லிக்கொடுக்கிறவரின் சம்பளம் திட்டச் செலவு என்று உங்கள் பட்ஜெட் படிவத்திலேயே ஒரு வரி சேருங்கள்.

திருத்திய பட்ஜெட்டை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருக்கிறார்கள். சம்பளத்தைச் சம்பளம் என்றே எழுதி அனுப்பப் போகிறேன். இந்த முறை அடிக்காமல் படித்துப் பாருங்கள்.

நன்றியுடன்,
ஜவ்வாது மலையிலிருந்து ஒரு ப்ரொபோசல் எழுத்தர்